ஜெர்மன் தொலைக்காட்சி, வானொலி, பத்திரிகை: புதிதாகக் குடியேறியவர் எங்கிருந்து தொடங்குவது?

ஜெர்மன் மொழியில் பி1 எனப்படும் இடைநிலைச் சான்றிதழ் பெற்ற பிறகும் அலுவலகத்தின் மதிய உணவு மேசையில் ஒன்றும் பிடிபடாமல் உட்கார்ந்திருப்பது, வேலைக்கோ படிப்புக்கோ ஜெர்மனி வந்த நம்மவர் பலருக்கும் நேர்வதுதான். சொற்கள் புரியும், ஆனால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது புரியாது. பேச்சினூடே வந்துபோகும் பெயர்கள், முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியிலிருந்தோ, முந்தைய நாள் இரவு ஒளிபரப்பான துப்பறியும் படத்திலிருந்தோ, ஆண்டின் கடைசி நாளன்று மட்டும் எல்லோரும் பார்க்கும் ஒரு பழைய நகைச்சுவை நாடகத்திலிருந்தோ வந்தவையாக இருக்கும். இலக்கணப் புத்தகம் இதற்கு உதவாது. நல்ல வேளையாக, ஜெர்மானியர்களின் வெகுசனப் பண்பாடு இன்றும் பெருமளவு கடிகாரத்துக்கும் நாட்காட்டிக்கும் கட்டுப்பட்டே நடக்கிறது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எதன் முன் உட்கார வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு ஓராண்டு அதைக் கடைப்பிடித்தால், மேசையில் நடக்கும் பேச்சில் பெரும்பகுதி தானாகவே விளங்கத் தொடங்கிவிடும்.

முதலில் வரும் கடிதம்

முகவரிப் பதிவு முடிந்த சில வாரங்களில், கொலோன் நகரிலிருந்து பைட்ராக்ஸ்செர்வீஸ் என்ற அலுவலகத்தின் கடிதம் ஒன்று வீட்டுக்கு வரும். பொது ஒலிபரப்புக்கான கட்டணத்தைக் கேட்கும் கடிதம் அது. விளம்பரக் கடிதம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியே இல்லை என்று பதில் எழுதுவதாலும் பயனில்லை, ஏனென்றால் 2013 முதல் கட்டணம் பெட்டிக்கு அல்லாமல் வீட்டுக்கு என்று ஆகிவிட்டது. 2021 ஆகஸ்டில் அது மாதம் 18.36 யூரோ என நிர்ணயிக்கப்பட்டது. வழக்கமாக மூன்று மாதங்களுக்குச் சேர்த்தே வசூலிக்கிறார்கள். ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒருவர் கட்டினால் போதும். எனவே நண்பர்களோடு வீட்டைப் பகிர்ந்து வாழ்பவர்கள், ஏற்கெனவே கட்டிவருபவரின் கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பிவிட்டால் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. பதில் எழுதாமல் விட்டால் தாமதக் கட்டணம் சேரும், பிறகு கட்டாய வசூல் நடவடிக்கையும் வரும். நாட்டை விட்டுச் செல்லும்போது நகராட்சியில் முகவரியை நீக்கினால் மட்டும் போதாது, இந்த அலுவலகத்துக்கும் தனியே எழுதிக் கணக்கை முடிக்க வேண்டும். ஊர் திரும்பும் அவசரத்தில் பலர் மறப்பது இதைத்தான்.

எப்படியும் கட்டப்போகிற பணம் என்பதால், அதற்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிடலாம். 1950 இல் உருவான ஏ.ஆர்.டி. என்பது ஒன்பது வட்டார ஒலிபரப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு. 1963 இல் ஒளிபரப்பைத் தொடங்கிய இசட்.டி.எஃப். மைன்ஸ் நகரிலிருந்து இயங்குகிறது. டாய்ச்லாண்ட்ஃபுங்க் நாடு முழுவதற்குமான பேச்சு வானொலி. நாஜிக்கள் வானொலியை ஒரே கையில் பிடித்துப் பிரச்சாரக் கருவியாக்கிய அனுபவத்துக்குப் பிறகு, ஒலிபரப்பு மத்திய அரசின் பிடியில் இருக்கக் கூடாது என்பதில் இந்த நாடு பிடிவாதமாக இருக்கிறது. மேற்கு ஜெர்மனியின் முதல் பிரதமரான அடனாவர் தலைமையிலான அரசு தனக்கென ஒரு தொலைக்காட்சி தொடங்க முயன்றபோது, அரசியல் சாசன நீதிமன்றம் 1961 இல் அதைத் தடுத்துவிட்டது. தூர்தர்ஷனை நினைவில் வைத்துக்கொண்டு இவற்றை அரசுத் தொலைக்காட்சி என்று அழைத்தால், ஜெர்மன் நண்பர் உங்களைத் திருத்தாமல் விடமாட்டார். ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். ஆகிய இரண்டின் முதன்மை அலைவரிசைகளிலும் இரவு 8 மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொதுவாக விளம்பரம் கிடையாது. இது ஒன்றுக்காகவே அந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

8 மணி, 8.15 மணி

டாகெஸ்ஷாவ் என்ற செய்தி அறிக்கை 1952 டிசம்பரில் தொடங்கியது. இரவு சரியாக 8 மணிக்கு மணியோசையோடு ஆரம்பித்து, பதினைந்து நிமிடத்தில் வானிலையோடு முடியும். வாசிப்பவர் முகத்தில் உணர்ச்சியைக் காட்டுவதில்லை, குரலை உயர்த்துவதில்லை, நான்கு கட்டங்களில் நான்கு பேரை உட்காரவைத்து மோதவிடுவதும் இல்லை. நம் ஊர் செய்தி அலைவரிசைகளின் இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு முதல் சில நாட்கள் இது சாவு வீட்டு அறிவிப்புப் போலத் தோன்றலாம். பழகிய பிறகு மற்றவைதான் தாங்க முடியாதவை ஆகும். இந்தப் பதினைந்து நிமிடத்தின் செல்வாக்கு எவ்வளவு என்றால், தனியார் அலைவரிசைகளும் தங்கள் முக்கிய நிகழ்ச்சியை 8.15 மணிக்கே தொடங்குகின்றன. ஒரு வீட்டுக்கு 8 மணிக்கும் 8.15 மணிக்கும் இடையே தொலைபேசியில் அழைப்பதை மூத்த தலைமுறையினர் இன்றும் நாகரிகக் குறைவாகவே கருதுகிறார்கள்.

ஆனால் நேராக இந்தச் செய்தியிலிருந்து தொடங்க வேண்டாம். எழுத்து மொழியில் அமைந்த அந்த நீளமான வாக்கியங்களில் வினைச்சொல் வரும்போது எழுவாய் மறந்திருக்கும். அதைவிட நல்ல வாசல் குழந்தைகள் நிகழ்ச்சிகள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. செம்மஞ்சள் நிற எலியும் சிறிய நீல யானையும் வரும் ‘டி செண்டுங் மிட் டேர் மவுஸ்’ 1971 முதல் ஞாயிறு காலையில் ஒளிபரப்பாகிறது. பற்பசைக்குள் கோடுகள் எப்படி வருகின்றன என்பது போன்ற கேள்விகளுக்கு, தொழிற்சாலைக்கே கேமராவை எடுத்துச் சென்று, ஒவ்வொரு படியையும் எளிய வாக்கியத்தில் விளக்கும் அதன் பாணி வேறெங்கும் கிடைக்காது. பின்னணிக் குரல் சொல்வதெல்லாம் அதே நொடியில் திரையில் நடப்பதால், அகராதி இல்லாமலே ஐம்பது வினைச்சொற்கள் மனதில் தங்கிவிடும். முன்னுரையை முதலில் ஜெர்மனிலும் பிறகு வேறொரு மொழியிலும் சொல்லிவிட்டு, அது எந்த மொழி என்று அறிவிப்பார்கள். பலரும் இதைப் பார்த்தே வளர்ந்திருப்பார்கள் என்பதால், திங்கட்கிழமை அதைப் பற்றிப் பேச்செடுத்தால் மேலாளர் முகத்திலும் ஒரு மலர்ச்சியைக் காணலாம்.

அடுத்த படி, சிறுவர்களுக்கான கிகா அலைவரிசையில் மாலை 7.50 மணிக்கு வரும் ‘லோகோ’ செய்தி. தேர்தல், போர், பணவீக்கம் ஆகிய எல்லாவற்றையும் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்வார்கள். டாகெஸ்ஷாவே 2024 ஜூன் முதல் எளிய மொழியில் ஒரு பதிப்பை மாலை 7 மணிக்கு வெளியிட்டு வருகிறது. இன்னும் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு, ஜெர்மனியின் வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லே இலவசமாக வழங்கும் ‘நிகோஸ் வேக்’ என்ற படத் தொடர் ஏ1 முதல் பி1 வரை கைப்பிடித்து அழைத்துச் செல்லும். லோகோ சிரமமில்லாமல் புரியத் தொடங்கிய பிறகு, 7.50 மணிக்கு அதையும் 8 மணிக்கு டாகெஸ்ஷாவையும் தொடர்ந்து பாருங்கள். அன்றைய செய்தி ஏற்கெனவே தெரிந்துவிட்டதால், இரண்டாவது முறை மொழியை மட்டும் கவனித்தால் போதும்.

ஞாயிறு இரவு

ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், டாட்டோர்ட்டைப் பாருங்கள் என்றே சொல்வேன். 1970 நவம்பர் 29 அன்று தொடங்கி, இன்றும் ஞாயிறு இரவு 8.15 மணிக்கு ஏ.ஆர்.டி.யில் ஓடிக்கொண்டிருக்கும் துப்பறியும் படத் தொடர் இது. தொடர் என்றாலும் ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் தனிப்படம் என்பதால் முந்தைய வாரத்தைத் தவறவிட்டதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. தொடக்கக் காட்சி ஏறத்தாழ அதே வடிவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடிக்கிறது. ஒரு ஜோடிக் கண்கள், அவற்றின் மேல் விழும் குறிவட்டம், முகத்தை மறைக்க உயரும் கைகள், ஈரத் தார்ச்சாலையில் ஓடும் கால்கள். கிளாவுஸ் டோல்டிங்கர் அமைத்த இசை தொடங்கியதும் வீட்டில் பேச்சு நின்றுவிடும். பின்னாளில் பெரும் ராக் பாடகரான உடோ லிண்டன்பெர்க்தான் அதன் முதல் பதிவில் டிரம்ஸ் வாசித்தார் என்பதை, இசை கேட்கும் ஜெர்மானியர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

ஒவ்வொரு வட்டார நிறுவனமும் தன் பகுதியிலுள்ள ஒரு நகரத்தை வைத்துப் படம் எடுக்கிறது. ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும்கூட இதில் பங்கேற்கின்றன. அதனால் ஒரு வாரம் டார்ட்மண்டின் மூடப்பட்ட எஃகு ஆலைப் பகுதியும், மறுவாரம் மியூனிக்கின் வசதியான புறநகரும், அதற்கடுத்த வாரம் வியன்னாவின் பேச்சு வழக்கும் வரும். எல்லாவற்றையும் பார்க்க முனையாமல், முதலில் இரண்டு குழுக்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒன்று, நீங்கள் வாழும் நகரத்துக்கு அருகிலுள்ள குழு. உங்களுக்குத் தெரிந்த பாலமும் ரயில் நிலையமும் வரும்போது கதையில் பாதி எளிதாகிவிடும். மற்றொன்று முன்ஸ்டர். 2002 முதல் வரும் அந்தக் குழுவில், எரிச்சல்பட்ட காவல் ஆய்வாளரும் தற்பெருமை பிடித்த பிணப் பரிசோதனை மருத்துவரும் ஒருவரையொருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். நாடே விரும்பிப் பார்ப்பது இவர்களைத்தான், ஆனால் நையாண்டி வேகமாக வருவதால் வசன எழுத்துகளைத் திரையில் வைத்துக்கொள்வது அவசியம். எல்லாப் படங்களுக்கும் ஜெர்மன் வசன எழுத்து உண்டு.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். துரத்தலும் துப்பாக்கிச் சண்டையும் குறைவு. மழையில் நின்று பேசுவதும், சமையலறை மேசையில் மௌனமாக உட்கார்ந்திருப்பதும், அதிகாரியின் சொந்தக் குடும்பத் துயரமும்தான் பெரும்பகுதி. கொலை என்பது பெரும்பாலும் ஒரு சாக்கு. முதியோர் இல்லங்களின் நிலை, இறைச்சி ஆலைகளில் கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்கள், வாடகை உயர்வு, தீவிர வலதுசாரிகள் என்று அந்த ஆண்டு நாடு எதைப் பற்றிச் சண்டை போடுகிறதோ அதுதான் உண்மையான கதை. அதனால்தான் திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் அது பேசப்படுகிறது. பெரும்பாலும் திட்டித்தான் பேசுவார்கள் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நேற்று ரொம்பச் சுமார், ஒலி சரியாகக் கேட்கவே இல்லை, முன்பெல்லாம் நன்றாக இருந்தது என்று குறைப்பட்டுக்கொள்வதும் இந்தச் சடங்கின் ஒரு பகுதி. நீங்களும் ஒரு குறையைச் சொல்லிக் கலந்துகொள்ளலாம். பல நகரங்களில் மதுக்கூடங்களே பெரிய திரையில் இதைக் காட்டுகின்றன. எலுமிச்சைச் சோடாவோடு ஒரு மூலையில் அமர்ந்து, எந்தக் காட்சிக்குக் கூட்டம் முணுமுணுக்கிறது என்று கவனிப்பதே ஒரு பாடம். நேரத்தைத் தவறவிட்டால் மெடியாடேக் என்ற இணையத் தொகுப்பில் பிறகு பார்க்கலாம். கோடையில் பெரும்பாலும் பழைய படங்களே மறுபடி வரும் என்பதால், தொடங்குவதற்கு இலையுதிர் காலமே ஏற்றது.

தனியார் அலைவரிசைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1984 இல் தொடங்கிய ஆர்.டி.எல்., சாட்1 போன்றவற்றில், பிக் பாஸ் பார்த்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றும் எதுவும் கிடைக்காது. பிரபலங்களைக் காட்டில் தங்கவைக்கும், ஜனவரியில் வரும் காட்டு முகாம் நிகழ்ச்சியை மட்டும், படித்தவர்களும் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே பார்க்கிறார்கள்.

ஆண்டின் நாட்கள்

நவம்பர் 11 அன்று காலை 11.11 மணிக்கு ரைன் நதிக்கரை நகரங்களில், கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முந்தைய கேளிக்கைத் திருவிழாவான கார்னவாலின் பருவம் தொடங்கும். அதன் உச்சம் பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும் ரோஜா திங்கள் ஊர்வலம். அதை நாள் முழுவதும் நேரலையில் காட்டுவார்கள். அரசியல் தலைவர்களைக் காகிதக்கூழ் பொம்மைகளாக்கிக் கேலி செய்யும் வண்டிகளைப் பார்த்தால் அந்த ஆண்டின் அரசியல் முழுவதும் விளங்கிவிடும். கொலோனில் ‘அலாஃப்’ என்றும் டுசல்டார்ஃபிலும் மைன்ஸிலும் ‘ஹெலாவ்’ என்றும்தான் கூவ வேண்டும். மாற்றிக் கூவினால் வேடிக்கையாகத்தான் கோபிப்பார்கள், ஆனால் கோபிப்பார்கள். ஆண்களின் கழுத்துப்பட்டியை வெட்டப் பெண்கள் கத்திரிக்கோலோடு அலையும், ரோஜா திங்களுக்கு முந்தைய வியாழக்கிழமையன்று நல்ல கழுத்துப்பட்டி அணிந்து செல்லாதீர்கள்.

கிறிஸ்துமஸ் நாட்களில் இரண்டைத் தவறவிடக் கூடாது. ஒன்று, செக்கோஸ்லோவாக்கியாவும் கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்து 1973 இல் எடுத்த சிண்ட்ரெல்லா படம். மற்றொன்று, லோரியோ என்ற பெயரில் புகழ்பெற்ற விக்கோ ஃபான் பூலோவின் (1923-2011) கிறிஸ்துமஸ் குறுநாடகம். முன்பெல்லாம் மரத்தில் ஜிகினா அதிகமாக இருந்தது என்று அதில் வரும் தாத்தா புலம்புவார். எந்தக் காலமாற்றத்தைக் கேலி செய்வதற்கும் ஜெர்மானியர்கள் அந்தப் புலம்பலையே கையில் எடுக்கிறார்கள். ஜெர்மானியர்களுக்கு நகைச்சுவை தெரியாது என்று நம்புகிறவர்கள் லோரியோவை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வரட்டும்.

டிசம்பர் 31 அன்று மாலையில் ‘டின்னர் ஃபார் ஒன்’ ஒளிபரப்பாகும். 1963 இல் ஹாம்பர்கில் பார்வையாளர்கள் முன்னிலையில் பதிவு செய்த, இருபது நிமிடத்துக்கும் குறைவான கறுப்பு வெள்ளை நாடகம் அது. பேசுவது ஆங்கிலம், நடிப்பவர்கள் ஆங்கிலேயர்கள், ஆனால் பிரிட்டன் தொலைக்காட்சியில் 2018 இல்தான் முதன்முறையாகக் காட்டப்பட்டது. தன் தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு மிஸ் சோஃபி அழைத்திருக்கும் நான்கு நண்பர்களும் எப்போதோ இறந்துவிட்டார்கள். பணியாள் ஜேம்ஸ் அந்த நான்கு பேருக்காகவும் தானே குடித்துத் தீர்க்கிறார், தரையில் கிடக்கும் புலித் தலையில் மறுபடி மறுபடி தடுக்கி விழுகிறார். முதலில் பரிமாறப்படும் முலிகடானி சூப் நம்முடைய மிளகுத்தண்ணீர்தான். புத்தாண்டு விருந்துக்கு அழைக்கப்பட்டிருந்தால் இதைச் சொல்லுங்கள், அன்றைய இரவின் பேச்சுக்கு உங்களிடமும் ஒரு சரக்கு இருக்கும்.

யாரிடம் எதைக் கேட்பது

எதிரில் இருப்பவரின் வயதும், அவர் வளர்ந்தது கிழக்கிலா மேற்கிலா என்பதும் தெரியாமல் பழைய நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் வண்டி நகராது. கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவருக்கு 1959 முதல் தூங்கும் நேரத்தில் வந்த சாண்ட்மென்ஷென் பொம்மை உயிர். அங்கே 1971 இல் தொடங்கிய ‘பொலிசைரூஃப் 110’ என்ற காவல்துறைத் தொடர், நாடு ஒன்றான பிறகும் நீடித்து, இன்று டாட்டோர்ட்டுடன் ஞாயிறு இரவைப் பகிர்ந்துகொள்கிறது. மேற்கின் தொலைக்காட்சியை ஒளிந்து பார்த்த கதைகளும் அவர்களிடம் நிறைய உண்டு. டிரெஸ்டன் பக்கத்துக்காரர்களிடம் மட்டும் இருக்காது, ஏனென்றால் அந்தப் பள்ளத்தாக்குக்கு அலை எட்டவில்லை.

நாற்பதுகளில் இருப்பவர்களிடம் ‘டி டிரை ஃப்ராகெட்சைஷன்’ என்ற ஒலி நாடக வரிசையைப் பற்றிக் கேளுங்கள். 1979 முதல் ஒலிநாடாவில் வெளிவந்த சிறுவர் துப்பறியும் கதைகள் அவை. அன்று சிறுவர்களாக நடித்த அதே மூவர் இன்றும் அந்தச் சிறுவர்களுக்குக் குரல் கொடுக்கிறார்கள். நன்றாகச் சம்பாதிக்கும் பொறியாளர்கள் இரவில் இதைக் கேட்டுக்கொண்டேதான் உறங்குகிறார்கள். காதுப் பயிற்சிக்கும் இதைவிடச் சிறந்தது குறைவு, குரல்கள் தெளிவு, கதை எளிது. உங்களிடமும் பதிலுக்கு ஷாருக் கானைப் பற்றிக் கேட்பார்கள். 2004 முதல் ஆர்.டி.எல்.2 அலைவரிசை இந்திப் படங்களை ஜெர்மன் குரலில் காட்டியதன் விளைவு அது. தமிழ்ப் படம் வேறு, இந்திப் படம் வேறு என்று விளக்க அதுவே நல்ல தருணம்.

பத்திரிகைகள்

எல்லாவற்றையும் சந்தா கட்டி வாங்க வேண்டியதில்லை. நகர நூலகத்தின் உறுப்பினர் அட்டை ஒன்றிருந்தால், பல ஊர்களில் நாளிதழ்களையும் வார இதழ்களையும் வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கலாம். பெரிய எழுத்துத் தலைப்புகளைக் கொண்ட ‘பில்ட்’ நாளிதழின் மொழி எளிமையானது, ஆனால் அது பத்திரிகை மன்றத்தின் கண்டனங்களைப் பலமுறை பெற்ற ஏடு என்பதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும். வியாழக்கிழமை வரும் ‘டி சைட்’ வார இதழை முழுதும் படித்து முடிப்பவர்கள் ஜெர்மானியர்களிலேயே குறைவு. தொடங்குவதற்கு உள்ளூர் நாளிதழின் உள்ளூர்ப் பக்கமே போதும், பாலம் பழுது, பள்ளி விழா, பேருந்துக் கட்டணம் என்று எல்லாம் உங்களைத் தொடுபவை.

ஒன்று நமக்குப் புதிதாக இருக்கும். குற்றச் செய்திகளில் சந்தேக நபரின் முழுப்பெயர் பெரும்பாலும் வராது, முதற்பெயரும் அடுத்த பெயரின் முதலெழுத்தும் மட்டுமே இருக்கும், முகத்தையும் மங்கலாக்கிவிடுவார்கள். அதே மனப்பான்மை அன்றாட வாழ்விலும் உண்டு. ஒருவரின் படத்தை வெளியிட அவரது ஒப்புதல் வேண்டும் என்பது 1907 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. பள்ளி விழாவில் எடுத்த படத்தில் பிற குழந்தைகள் இருந்தால், பெற்றோரைக் கேட்காமல் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.

படம் பார்ப்பது

இணையத்தில் டொரண்ட் மூலம் தமிழ்ப் படம் இறக்கும் பழக்கம் இருந்தால், ஜெர்மனியில் கால் வைத்த அன்றே அதை விட்டுவிடுங்கள். இறக்கும்போதே மற்றவர்களுக்கு ஏற்றவும் செய்வதால் அது பதிப்புரிமை மீறல் ஆகிறது. உரிமையாளரின் வழக்கறிஞர்கள் இணைப்பின் முகவரியைப் பதிவு செய்து, நீதிமன்ற உத்தரவு பெற்று, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் பல நூறு யூரோ கேட்டு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவார்கள். அறை நண்பர் செய்ததற்கும் கடிதம் உங்களுக்கே வரும். வந்துவிட்டால் கெடுவைத் தவறவிடாமலும், அதனுடன் வரும் உறுதிமொழியில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாமலும், நுகர்வோர் ஆலோசனை மையத்தையோ வழக்கறிஞரையோ உடனே அணுகுங்கள்.

திரையரங்குகளில் வெளிநாட்டுப் படங்கள் பெரும்பாலும் ஜெர்மன் குரலிலேயே ஓடும். ஒரு நடிகருக்கு ஒரே குரல் கலைஞர் என்பது ஏறத்தாழ மரபு, ராபர்ட் டி நீரோவுக்கு கிறிஸ்டியன் புருக்னர் பல பத்தாண்டுகளாகப் பேசிவருகிறார். மூல மொழியில் பார்க்க வேண்டுமானால் அட்டவணையில் ‘ஓ.வி.’ அல்லது ‘ஓ.எம்.யு.’ என்ற குறியைத் தேடுங்கள், இரண்டாவதில் ஜெர்மன் வசன எழுத்தும் இருக்கும். பெரிய நகரங்களில் புதிய தமிழ்ப் படங்களும் இப்படித்தான் வெளியாகின்றன. குடும்பத்தோடு செல்பவர்கள் நுழைவுச்சீட்டு வாங்குவதற்கு முன் வயது வரம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 12 என்று குறிக்கப்பட்ட படத்துக்கு ஆறு வயது நிரம்பிய பிள்ளையைப் பெற்றோர் உடனிருந்தால் அனுமதிப்பார்கள். 16 அல்லது 18 என்றிருந்தால், தாயும் தந்தையும் இருபுறமும் நின்றாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், வெட்டுக்குத்து நிறைந்த நம் நாயகர் படங்கள் பல அந்த வரம்பில்தான் வரும். ஜெர்மன் நண்பரையும் அழைத்துச் செல்வதாக இருந்தால், படம் மூன்று மணி நேரம் ஓடக்கூடும் என்பதையும், திரையில் இடைவேளை என்று எழுத்து வந்தாலும் பல அரங்குகளில் படம் நிற்காமல் ஓடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி, சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.